மூன்றாவது ஒயரை விட்டுவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீடுகளுக்கு ஒயரிங் செய்வது என் தொழில். 26 வருடமாகச் செய்கிறேன். எங்காவது வீடு தீப்பிடித்த செய்தி வந்தால் முதலில் அதைத்தான் படிப்பேன். பெரும்பாலும் அது ‘மின்கசிவே காரணம் என்று கூறப்படுகிறது’ என்ற வரியோடு முடிந்துவிடும். அந்த வீட்டில் புகை அலாரம் இருந்ததா, இருந்தால் அடித்ததா, அடித்தது தூங்கிக்கொண்டிருந்தவர்களின் காதில் விழுந்ததா என்று யாரும் எழுதுவதில்லை. அந்த மூன்றையும் விசாரித்து எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

கடைசிக் கேள்வியில் நானே தவறியிருக்கிறேன். அதுவும் என் அக்கா வீட்டில்.

மாடி வீடு. கீழே அத்தானின் வேலை அறை, மாடிப்படி முடியும் இடம், மேலே படுக்கையறை என்று மூன்று இடத்தில் கரண்டில் ஓடும் புகை அலாரம் மாட்டினேன். ஒவ்வொன்றுக்கும் மூன்று ஒயர் கொடுக்க வேண்டும்: பேஸ், நியூட்ரல், அலாரங்களை ஒன்றோடொன்று இணைக்கும் இன்டர்லிங்க். சீலிங்கில் பதித்த பைப்புக்குள் லைட், பேன் ஒயர்கள் ஏற்கெனவே நெருக்கிக்கொண்டிருந்தன. இன்னொன்று இழுக்க வேண்டுமென்றால் எல்லாவற்றையும் உருவி மறுபடி இழுக்க வேண்டும், ஒரு நாள் வேலை. பேஸும் நியூட்ரலும் கொடுத்தேன். மூன்றிலும் பச்சை விளக்கு எரிந்தது. தனித்தனியாக அடித்தால் போதும் என்று நினைத்து, இன்டர்லிங்க் முனைகளில் டேப் சுற்றி உள்ளே தள்ளி மூடிவிட்டேன்.

அடுத்த வருடம் ஒரு ராத்திரி, கீழ் அறையில் சோபா மேல் வைத்து சார்ஜ் போட்டிருந்த லேப்டாப் சூடாகி, சோபாவின் பஞ்சு கருக ஆரம்பித்தது. அந்த அறை அலாரம் ஒழுங்காக அடித்தது. ஆனால் அறைக் கதவு சாத்தியிருந்ததால் புகை படிக்கட்டுப் பக்கம் வரவில்லை. படிக்கு மேலிருந்த அலாரத்துக்கு எதுவும் தெரியாது. மாடியில் அக்காவும் இரண்டு பிள்ளைகளும் கதவைச் சாத்தி, பேனைப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நைட் ஷிப்ட் முடிந்து வந்த அத்தான்தான் வாசலிலேயே சத்தம் கேட்டு, கதவிடுக்கில் புகை வருவதையும் பார்த்து, மெயினை அணைத்துவிட்டு மாடிக்கு ஓடினார். எல்லோரையும் வெளியே கொண்டுவந்த பிறகு தீயணைப்பு வண்டி வந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அக்கா என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். “எங்க தலைக்கு மேலேயே ஒண்ணு மாட்டியிருக்கியே, அது ஏன்டா அடிக்கலை?”

நான் டேப் சுற்றி மூடிய ஒயர்தான் பதில். ஒரு அலாரம் புகையை உணர்ந்ததும் அந்த மூன்றாவது ஒயரில் சின்னதாக ஒரு மின்னழுத்தத்தைக் கொடுக்கும். பல தயாரிப்புகளில் அது 9 வோல்ட் டி.சி. அளவில் இருக்கும். அதே ஒயரில் இருக்கும் மற்ற அலாரங்கள் அதைக் கண்டதும், தங்கள் பக்கம் துளிப் புகை இல்லாவிட்டாலும், உடனே அடிக்கும். அலாரத்தின் சத்தம் 3 மீட்டர் தூரத்தில் சுமார் 85 டெசிபல். பக்கத்தில் நின்றால் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றும். நடுவில் ஒரு தளமும் சாத்திய இரண்டு கதவுகளும் வந்துவிட்டால், தூங்கும் பிள்ளைக்கு அது எங்கோ கேட்கும் சத்தம்தான். புகை வாசம் எழுப்பிவிடும் என்றும் நம்ப முடியாது. தூக்கத்தில் மூக்கு சரியாக வேலை செய்வதில்லை.

தொழிலில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். மூன்றாவது ஒயர் இல்லாத இடத்தில் பச்சை எர்த் ஒயரை இன்டர்லிங்காகப் பயன்படுத்துவதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். நாளைக்கு வேறொருவர் அதை எர்த் என்று நம்பி எர்த்தோடு முறுக்கினால் அலாரம் கெட்டுப்போகும், யாருக்கும் தெரியவும் தெரியாது. 9 வோல்ட்தானே என்று மெல்லிய பெல் ஒயர் போடுவதும் தப்பு. அந்த ஒயருக்கும் மெயின் கரண்டுக்கு உரிய இன்சுலேஷன் வேண்டும். எல்லா அலாரங்களும் ஒரே சர்க்யூட்டிலிருந்து வர வேண்டும், ஏனென்றால் சிக்னல் நியூட்ரலை வைத்துத்தான் போய்வருகிறது. மாடிக்கு ஒரு பேஸ், கீழே வேறு பேஸ் என்று கொடுத்துவிட்டு இன்டர்லிங்கை மட்டும் சேர்க்கக் கூடாது. ஸ்விட்சுக்குப் பிறகு வரும் லைனிலிருந்தும் எடுக்கக் கூடாது, லைட்டை அணைத்தால் அலாரத்துக்கும் கரண்ட் போய்விடும். தினமும் பயன்படும் லைட் சர்க்யூட்டில் ஸ்விட்சுக்கு முன்னால் எடுப்பது எனக்குப் பிடித்த வழி. கோளாறு வந்தால் தானாக அணையும் எம்.சி.பி. ஸ்விட்ச் விழுந்தால் வீடு இருட்டாகும், உடனே தெரிந்துவிடும். அப்புறம், ஒரு கம்பெனி அலாரத்தோடு இன்னொரு கம்பெனி அலாரத்தைச் சேர்க்காதீர்கள். ஒன்றின் சிக்னல் இன்னொன்றுக்குப் புரியாது. ஒரு லைனில் எத்தனை சேர்க்கலாம் என்பது கையேட்டில் இருக்கும், பலவற்றில் 12 புகை அலாரம் வரை.

சமையலறையில் புகை அலாரம் வேண்டாம். தாளிக்கும்போதெல்லாம் அடித்தால் வீட்டார் அலாரத்தையே கழற்றிவிடுவார்கள். அங்கே சுமார் 58 டிகிரி செல்சியஸில் அடிக்கும் வெப்ப அலாரம் மாட்டி, அதையும் இதே லைனில் சேர்க்கலாம். சோபா பஞ்சு போல மெதுவாகக் கருகும் புகைக்கு, ஒளியால் உணரும் ரகம் சீக்கிரம் அடிக்கும். பேன் இறக்கை நுனியிலிருந்து 3 அடியாவது தள்ளி மாட்டுங்கள்.

வீடு கட்டுபவர்களே, சீலிங்குக்குப் பைப் பதிக்கும்போதே அலாரத்துக்குத் தனிப் பைப் விடச் சொல்லுங்கள். கட்டி முடித்த வீடாக இருந்தால் ரேடியோ அலையில் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் அலாரங்கள் இருக்கின்றன, சுவரை உடைக்க வேண்டியதில்லை.

பச்சை விளக்கைப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். கரண்ட் வருகிறது என்பதைத் தவிர அது எதையும் சொல்லாது. ஒரு அலாரத்தின் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள், எல்லாமும் அடிக்க வேண்டும். பிறகு அடுத்ததை அழுத்துங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் மற்றவற்றுக்குப் போகிறதா என்று பார்க்க வேண்டும். மெயினை அணைத்துவிட்டு, கரண்ட் போனால் ஓட உள்ளே வைத்திருக்கும் பேட்டரியில் மறுபடி ஒரு முறை. படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒருவர் உள்ளே நின்று கேட்கட்டும். இதெல்லாம் பத்து நிமிட வேலை. எலக்ட்ரீஷியன் இதைச் செய்துகாட்டிய பிறகே பாக்கிப் பணத்தைக் கொடுங்கள். அலாரத்தின் பின்பக்கம் தேதி இருக்கும். பத்து வருடம் ஆகிவிட்டால் அடித்தாலும் மாற்றிவிட வேண்டும்.

2017-இல் லண்டனில் கிரென்ஃபெல் டவர் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு எரிந்த பிறகு ஸ்காட்லாந்து சட்டத்தை மாற்றியது. 2022 பிப்ரவரி முதல் அங்கே பழைய வீடு, புது வீடு என்று பார்க்காமல் எல்லா வீட்டிலும் ஒன்றோடொன்று இணைந்த அலாரம் இருக்க வேண்டும். வெறும் அலாரம் என்று சொல்லாமல் ‘இணைந்த’ என்றே சட்டத்தில் எழுதினார்கள். அந்தச் சொல்லை உங்கள் பத்திரிகையும் எழுத வேண்டும். அடுத்த முறை ஒரு வீட்டுத் தீயைப் பற்றி எழுதும்போது உங்கள் நிருபரிடம் சொல்லுங்கள், தீயணைப்பு அதிகாரியிடம் அலாரம் எத்தனை இருந்தது, எத்தனை அடித்தது என்று கேட்கட்டும்.

அக்கா வீட்டில் பைப்பிலிருந்த ஒயர்கள் அத்தனையையும் உருவி, மூன்றாவது ஒயரோடு சேர்த்து மறுபடி இழுத்தேன். ஒன்றரை நாள் ஆனது. இப்போது ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு கீழ் அறையில் சின்னவன் பட்டனை அழுத்துவான், மாடியிலிருந்து பெரியவள் “அடிக்குது!” என்று கத்துவாள்.

இப்படிக்கு,
மின்பணியாளர் ஒருவர்