“ஒன்றும் இல்லை” என்றும் எழுதி வைக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் மும்பை சயான் கோலிவாடாவில் இருபது வருடங்களுக்கு மேலாகக் குடியிருக்கிறேன். மாலையில் பத்துப் பதினைந்து தமிழ்ப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். பறவை ஆராய்ச்சிக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஆனால் போன ஆடி மாதம் நடந்த ஒரு விஷயம் மனதைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது, அதைச் சொல்லி உங்கள் பத்திரிகையிடம் ஒரு உதவி கேட்கத்தான் இந்தக் கடிதம்.

மூன்று நாள் விடாமல் மழை, பேய்க்காற்று. நாலாம் நாள் கொஞ்சம் விட்டதும் பிள்ளைகள் மாஹிம் கடற்கரைக்குப் போயிருக்கிறார்கள். கடல் துப்பிய பிளாஸ்டிக் குப்பைக்கு நடுவில் ஒரு பறவை உட்கார்ந்திருந்ததாம், கிட்டப் போயும் பறக்கவில்லை. ஒரு மாம்பழப் பெட்டியில் துண்டை விரித்து, அதை அப்படியே என் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். முதுகு கரிக்கட்டை மாதிரி கறுப்பு, வயிறு தும்பைப்பூ வெள்ளை, நெற்றியில் ஒரு வெள்ளைத் திட்டு, வால் கத்தரிக்கோல் மாதிரி பிளந்திருந்தது. கையில் எடுத்தால் எடையே இல்லை. நெஞ்செலும்பு கத்தி மாதிரி விரலில் தட்டுப்பட்டது. உதவி எண் ஒன்றுக்கு ஐந்து தடவை போன் செய்தேன், ஆள் வருகிறார் என்றார்கள், யாரும் வரவில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்குள் அது செத்துப்போனது.

சூட்டி டெர்ன் என்று பிறகு ஒருவர் போட்டோ பார்த்துச் சொன்னார். எனக்கு அந்தப் பெயர் புதிது. ஆனால் எங்கள் ஊர் தூத்துக்குடிப் பக்கம், தாத்தா காலம் வரைக்கும் கடல் தொழில்தான், அவர் வாயில் “ஆலா” என்ற சொல் நூறு தடவை கேட்டிருக்கிறேன். ஆலா கூட்டமாக எங்கே பாய்கிறதோ அங்கே மீன் இருக்கிறது, வள்ளத்தைத் திருப்பு என்பார். லட்சத்தீவில் சூரை பிடிக்கிறவர்களும் அதே மாதிரி பறவையைப் பார்த்துத்தான் மீனைத் தேடுகிறார்கள். அந்த ஆலா இனத்தைச் சேர்ந்ததுதான் என் வாசலில் மாம்பழப் பெட்டிக்குள் கிடந்தது, எனக்கு அடையாளம் தெரியவில்லை.

ஆறாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண் கேட்டாள்: “போன வருஷமும் இப்படி வந்துச்சா டீச்சர்? எத்தனை வந்துச்சு?”

என்னிடம் பதில் இல்லை. மழைக்காலக் காற்றில் நடுக்கடல் பறவைகள் மும்பைக் கரைக்குத் தள்ளப்படுவது வருடாவருடம் நடக்கிறதுதான், மாஸ்க்டு பூபி என்ற பெரிய வெள்ளைப் பறவைகூட வந்து விழுந்திருக்கிறது. பறவை ஆர்வலர்கள் அவ்வப்போது குறித்தும் வைக்கிறார்கள். ஆனால் இந்தக் கரை ஓரத்திலேயே வளர்கிற பிள்ளைகளிடம், எங்கள் தெருவில், அப்படி ஒரு கணக்கு எங்கேயும் இல்லை. அவள் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் அலாஸ்காவில் ஒரு தீவைப் பற்றிப் படித்தேன். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரிங் கடல் நடுவே பிரிபிலோஃப் தீவுகள் என்று ஒரு கூட்டம், அதில் பெரியது செயின்ட் பால். மரமே இல்லாத தீவு, பாதி நாள் மூடுபனி, பெருநிலம் சுமார் 480 கிலோமீட்டர் தள்ளி. மொத்த ஜனமே நானூறு பேர்தான், எங்கள் சாலில் (வரிசை வீட்டுக் குடியிருப்பில்) இரண்டு கட்டிடத்து ஆட்களைவிடக் குறைவு. பெரும்பாலும் உனாங்கன் பழங்குடியினர். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் கடல்நாய்த் தோலுக்காக ரஷ்யர்கள் இவர்களைக் கொண்டுவந்து குடியேற்றி வேலை வாங்கினார்கள். 1867-இல் அலாஸ்கா அமெரிக்காவின் கைக்கு மாறிய பிறகும் அதே தோல், அதே வேலை, யாரோ ஒருவருடைய உத்தரவு. இரண்டாம் உலகப்போரில், 1942-இல், தீவையே காலிசெய்து கைவிடப்பட்ட ஒரு மீன் டின் தொழிற்சாலையில் அடைத்து வைத்தார்கள். இவ்வளவு பட்ட அந்த ஜனங்கள் இன்றைக்குத் தங்கள் பழங்குடி அரசின் கீழ் சுற்றுச்சூழலுக்கென்று சொந்தமாக ஒரு அலுவலகம் வைத்து, தங்கள் கரையைத் தாங்களே கண்காணிக்கிறார்கள். எனக்கு இதைப் படித்தபோது கண் கலங்கியது.

அவர்கள் செய்கிற வேலை என்ன தெரியுமா? கரையில் நடப்பது. வாஷிங்டன் பல்கலைக்கழகம் சாதாரண ஜனங்களை வைத்து நடத்துகிற ஒரு திட்டம் இருக்கிறது, அமெரிக்காவின் மேற்குக் கரை முழுக்க, அலாஸ்கா வரைக்கும். மாதாமாதம் ஒரே கடற்கரைத் துண்டில் நடக்க வேண்டும். செத்து ஒதுங்கிய பறவை இருந்தால் காலைப் பார்த்து இனம் பிரிக்க வேண்டும் (முகம் சிதைந்திருந்தாலும் கால் மிஞ்சுமாம், விரல்களுக்கு நடுவே சவ்வு எப்படி இருக்கிறது என்பதிலிருந்தே ஆரம்பிக்கலாமாம்), அலகையும் இறக்கையையும் அளந்து, பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து, அடுத்த மாதம் மறுபடியும் எண்ணிவிடாதபடி கலர் பிளாஸ்டிக் டை ஒன்றைக் கட்டிவிட்டு வர வேண்டும். ஒரு பறவையும் கிடைக்கவில்லையா, சரி, “இல்லை” என்று எழுதி அனுப்ப வேண்டும். அதுவும் கணக்குத்தான்.

2016 அக்டோபரில் அந்தத் தீவின் கரையில் டஃப்டட் பஃபின்கள் ஒதுங்க ஆரம்பித்தன. ஆரஞ்சு நிறத்தில் பெரிய அலகு, தலையில் இரண்டு பக்கமும் மஞ்சள் குடுமி உள்ள பறவை. வாழ்க்கையில் பெரும்பகுதியை நடுக்கடலில் கழிப்பது, அந்த நேரத்தில் செத்துக் கரைக்கு வருவது மிக அபூர்வம். தீவுவாசிகள் தினமும் போய்ப் பொறுக்கினார்கள். 2017 ஜனவரிக்குள் வேறு சில கடற்பறவைகளும் சேர்த்து 350-க்கு மேல் சேர்ந்தது, பெரும்பாலும் பஃபின்கள். எல்லாம் எலும்பும் தோலும். பல பறவைகள் இறகு உதிர்க்கிற பருவத்தில் இருந்தன, அந்தச் சமயத்தில் அவற்றால் பறக்க முடியாது. கரையில் கிடைத்ததையும் காற்று, நீரோட்டத்தையும் வைத்துக் கணக்குப் போட்டதில் செத்தது 3,150-லிருந்து 8,500 வரை இருக்கும் என்று 2019-இல் வெளியான ஆய்வுக் கட்டுரை சொன்னது. கடல் சூடானதால் இரை குறைந்து பட்டினி கிடந்திருக்கின்றன.

என் நெஞ்சில் நின்றது பஃபின் செத்தது மட்டும் இல்லை. அதற்கு முன்னால் பல வருடங்களாக அந்தக் குளிரில் யாரோ நடந்து “பஃபின் இல்லை, பஃபின் இல்லை” என்று எழுதி வைத்திருந்தார்களே, அதுதான். அந்தப் பக்கங்கள் இல்லாவிட்டால் 350 என்பது அதிகமா, வழக்கமா, யாருக்குத் தெரியும்? என் வாசலில் கிடந்த ஒரு ஆலாவைப் பற்றி நான் விழித்த மாதிரித்தான் அவர்களும் விழித்திருப்பார்கள்.

இதற்குச் சற்று முன்னால், 2015, 16 வாக்கில், மர் என்ற கறுப்பு வெள்ளைப் பறவை கலிபோர்னியாவிலிருந்து அலாஸ்கா வரை செத்து ஒதுங்கியது, கரையில் எண்ணியதே 62,000. பாறை உச்சிகளில் கூடு கட்டும் இடங்களை வருடக்கணக்கில் ஒரே இடத்தில் நின்று எண்ணி வந்த பதிவுகளைச் சேர்த்துப் பார்த்து, அலாஸ்காவில் மட்டும் சுமார் 40 லட்சம் போய்விட்டது, அங்கிருந்ததில் பாதி, என்று 2024-இல் சொன்னார்கள். 40 லட்சம் உயிர் போனது தெரியவே இத்தனை வருடம் ஆகியிருக்கிறது, எண்ணுகிற ஆட்கள் இருந்தும்.

பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். செயின்ட் பாலில் பழங்குடி அரசும் பள்ளியும் வனவிலங்கு சரணாலயத்தாரும் சேர்ந்து பிள்ளைகளுக்குக் கடற்பறவை முகாம் நடத்தியிருக்கிறார்கள். அந்த ஊருக்குப் பறவை என்பது வேடிக்கைப் பொருள் இல்லை. மர் முட்டை எடுத்துச் சாப்பிட்டு வளர்ந்த வம்சம், பெரியவர்களுக்குத் தெரிந்ததும் விஞ்ஞானிகளுக்குத் தெரிந்ததும் ஒரே பிள்ளையின் காதில் விழுகிறது. ஊரே எவ்வளவு உஷார் என்றால், 2024-இல் யாரோ ஒருவர் ஒரே ஒரு எலியைப் பார்த்தேன் என்று சொன்னதற்குப் பொறி வைத்து, கேமரா வைத்து, வீட்டு வராந்தா அடியெல்லாம் தவழ்ந்து தேடினார்கள். எலி நுழைந்தால் பாறை இடுக்கில் இருக்கிற முட்டையும் குஞ்சும் தப்பாது.

ஐஸ்லாந்தில் ஹெய்மாய் தீவில் இன்னும் எளிமை. ஆகஸ்ட், செப்டம்பர் இரவுகளில் பஃபின் குஞ்சுகள் ஊர் விளக்கைப் பார்த்துக் குழம்பித் தெருவில் இறங்கிவிடும். பிள்ளைகள் டார்ச்சும் அட்டைப் பெட்டியுமாக ராத்திரி சுற்றிப் பிடித்து, எடை போட வைத்து, மறுநாள் கடலில் விடுவார்கள். அந்த எடைகள்தான் அந்த வருடம் கடலில் இரை எப்படி என்பதற்கான பதிவு.

நம் பிள்ளைகளுக்கு நாம் என்ன கொடுக்கிறோம்? சுற்றுச்சூழல் தினத்தன்று சார்ட் பேப்பர். என்னிடம் படிக்கிற பையன் ஒருவன் போன ஜூனில் “பறவைகளைக் காப்போம்” என்று பென்குவின் வரைந்து பரிசு வாங்கினான். நல்ல பையன், நன்றாக வரைகிறான். அவன் வீட்டிலிருந்து சிவ்ரி சேற்றுத்திட்டுக்கு அரை மணி நேரம், குளிர்காலத்தில் அங்கே ஆயிரக்கணக்கில் பூநாரை நிற்கும், அவன் பார்த்ததில்லை. 2024 மே மாதம் காட்கோபரில் விமானம் மோதி முப்பதுக்கும் மேற்பட்ட பூநாரைகள் செத்து விழுந்தபோதுதான் பறவை அங்கே இருப்பதே எங்கள் தெருவில் பலருக்குத் தெரிந்தது.

அதனால் நாங்கள் தொடங்கிவிட்டோம். எட்டுப் பிள்ளைகள், நான், ஒரு பையனின் அப்பா. மாதம் ஒரு ஞாயிறு, மாஹிமிலிருந்து தாதர் பக்கமாக ஒரு கிலோமீட்டர், எப்போதும் அதே ஒரு கிலோமீட்டர். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய ஞாயிறாகப் பார்த்துக்கொள்கிறோம், அப்போது இங்கே காலை ஆறு, ஏழு மணிக்குக் கடல் நன்றாக உள்வாங்கியிருக்கும். மீன் விற்கிற கோலி அக்கா ஒருவர் “ஓஹோட்டி பார்த்து வாங்க, பர்தி நேரத்துல பிள்ளைங்களை இறக்காதீங்க” என்று அவருக்குத் தெரிந்த தமிழில் சொல்லிக்கொடுத்தார், ஓஹோட்டி என்றால் கடல் உள்வாங்குவது, பர்தி என்றால் ஏறி வருவது. செத்த பறவையை வெறுங்கையால் தொடக் கூடாது, உயிரோடு இருந்தால் பெட்டியில் நிழலில் வைத்து வனத்துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும், வீட்டில் வளர்க்கச் சட்டம் இடம் தராது. இதையெல்லாம் முதல் நாளே சொல்லிவிட்டேன். பறவைக் காய்ச்சல் பயம் எனக்கும் உண்டு.

முதல் மாதம் ஒன்றும் கிடைக்கவில்லை. கேள்வி கேட்டாளே அந்தப் பெண், அவள்தான் நோட்டுக்காரி, பக்கம் வீணாகிவிட்டது என்று கிழிக்கப் போனாள். தேதி, நேரம், காற்று, நடந்த தூரம், “செத்த பறவை: 0” என்று எழுதச் சொன்னேன். எழுதி, கீழே எட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டாம் மாதமும் 0. மூன்றாம் மாதம் ஒரு காக்கை, அதையும் எழுதினாள்.

இனி நான் கேட்கும் உதவி. உங்கள் மும்பைப் பதிப்பில் மாதம் ஒருமுறை நாலு வரி இடம் கொடுங்கள், பிள்ளைகளின் கணக்கை அப்படியே போடுங்கள், பூஜ்யம் வந்தால் பூஜ்யத்தையே போடுங்கள். தாராவியிலும் செம்பூரிலும் வாஷியிலும் தமிழ்ச் சங்கங்கள் இருக்கின்றன, மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. ஆளுக்கு ஒரு துண்டுக் கரையோ கழிமுகமோ எடுத்துக்கொண்டால் அடுத்த ஆடிக்குள் நாலைந்து நோட்டுகள் சேர்ந்துவிடும். கடல் தொழிலில் இருந்த தாத்தாக்கள் யாராவது மும்பையில் இருந்தால் தயவுசெய்து ஒரு ஞாயிறு எங்களோடு வாருங்கள், ஆலாவில் எத்தனை வகை, ஊரில் எதை எப்படி அழைப்பீர்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அந்தப் பெயர்களுக்கென்று நோட்டின் பின்பக்கத்தில் நாலு தாள் காலியாக விட்டிருக்கிறோம்.

முதல் மூன்று மாதப் பக்கங்களின் நகலை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். மூன்றாம் பக்கத்தில் காக்கைக்குப் பக்கத்தில் இருக்கிற ஸ்கேல் கொஞ்சம் கோணலாக விழுந்திருக்கிறது, படம் எடுத்தவன் ஐந்தாம் வகுப்பு.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சயான் கோலிவாடா, மும்பை