செயலாளரின் ஆண்டறிக்கை 2025–26, செம்பூர், மும்பை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அவர்களுக்குத் துணையாக வந்திருக்கும் குடும்பத்தாரே, அனைவருக்கும் வணக்கம்.

மூட்டுகள் வீங்கி வலிக்கும் முடக்குவாதம், தோல், மூட்டு, சிறுநீரகம் எனப் பல உறுப்புகளைத் தாக்கும் லூபஸ், முதுகுத்தண்டு வாதம் என்று, காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் நோய்களோடு வாழும் மும்பைத் தமிழர்களின் சங்கம் இது. மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் செம்பூரில் நடந்தன. ஆகஸ்ட் மழையில் ரயில் ஓடாததால் அந்த மாதம் மட்டும் போனிலேயே பேசிக்கொண்டோம். தாராவி, சயான், முலுண்ட் பக்கமிருந்து லோக்கலில் வருபவர்கள் ஸ்டேஷன் படிகளை ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. காலையில் வரும் மூட்டு இறுக்கம் தளரவும் நேரம் வேண்டும். அதனால் கூட்டத்தைப் பதினொன்றரை மணிக்குத் தள்ளி வைத்தோம். வருகை கூடியிருக்கிறது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டு கூட்டங்களில் அதிகம் பேசப்பட்டது ஆராய்ச்சிச் செய்திகள்தான். அவற்றில் பல வாட்ஸப்பில் அரைகுறையாக வந்தவை. அதனால் அறிக்கையின் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்குகிறேன்.

2025 அக்டோபரில் மருத்துவ நோபல் பரிசு ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சிக்கும் அமெரிக்காவின் மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் ஆகியோருக்கும் அறிவிக்கப்பட்டது. நம் நோயாளிகள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய பரிசு இது. எதிர்ப்பு அணுக்களுக்குள்ளேயே மற்ற அணுக்களை அடக்கி வைக்கும் ஒரு வகை உண்டு என்று 1995-இல் சகாகுச்சி காட்டினார். மற்ற இருவரும் 2001-இல், பிறவியிலேயே நோயுற்ற ஓர் எலி இனத்தை ஆராய்ந்து, ஃபாக்ஸ்பி3 என்ற மரபணுவில் பிழை இருப்பதைக் கண்டார்கள். அதே மரபணு கெட்டால் குழந்தைகளுக்கும் கடுமையான தன்னெதிர்ப்பு நோய் வருகிறது. அந்த அடக்கும் அணுக்கள் உருவாகவே இந்த மரபணு வேண்டும் என்பது பிறகு தெளிவானது. ஆக, நமக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு என்பதல்ல பிரச்சினை; அதை அடக்கும் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. சொந்தக்காரர்கள் அன்போடு வாங்கித் தரும் "எதிர்ப்புச் சக்தி கூட்டும்" பொடியையும் கஷாயத்தையும் டாக்டரிடம் கேட்காமல் சாப்பிட வேண்டாம் என்று நாம் சொல்வது இதனால்தான்.

"லூபஸுக்கு ஒரே ஊசியில் குணம்" என்று வந்த செய்தியைப் பற்றியும் பலர் கேட்டார்கள். செய்தி பொய்யல்ல, ஆனால் முழுமையும் அல்ல. ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் கியோர்க் ஷெட் குழுவினர், நோயாளியின் ரத்தத்திலிருந்து டி அணுக்கள் என்ற எதிர்ப்பு அணுக்களை எடுத்து, உடலையே தாக்கும் எதிர்ப்புப் புரதங்களை உண்டாக்கும் பி அணுக்களை அழிக்கும்படி மாற்றி, திரும்ப உடலுக்குள் செலுத்துகிறார்கள். கார்-டி என்பது இதன் பெயர். 2024-இல் வெளியான ஆய்வில் 15 பேர்: லூபஸ் 8, தோல் இறுகும் நோய் 4, தசை அழற்சி 3. லூபஸ் நோயாளிகள் எட்டுப் பேருக்கும் நோய் அடங்கியது. பதினைந்து பேருமே எதிர்ப்பை அடக்கும் மருந்துகளை நிறுத்த முடிந்தது. படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. ஆனாலும் பதினைந்து பேர்தான், ஒரே மருத்துவமனைதான், ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவும் இல்லை. நம் பவாயில் இருக்கும் மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மையமும் சேர்ந்து உருவாக்கிய கார்-டி சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. அது ரத்தப் புற்றுநோய்களுக்கான அனுமதி. நமக்காக என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஆனால் அந்தத் தொழில்நுட்பம் நம் ஊரிலேயே, வெளிநாட்டை விட மிகக் குறைந்த விலையில் கிடைக்கிறது என்பது பெரிய நம்பிக்கை.

இவற்றையெல்லாம் விட முக்கியமாக எனக்குப் பட்டது, நோபல் பரிசும் பெறாத, வாட்ஸப்பிலும் வராத ஓர் ஆய்வு. முடக்குவாதத்தில் விரல் வீங்குவதற்குச் சில வருடங்கள் முன்பே ரத்தத்தில் ஆன்ட்டி சி.சி.பி. என்ற, உடலுக்கே எதிரான எதிர்ப்புப் புரதம் தென்படலாம். பிரிட்டனிலும் நெதர்லாந்திலும், அது இருந்து, மூட்டுவலியும் இருந்து, வீக்கம் மட்டும் இன்னும் வராத 213 பேரைச் சேர்த்தார்கள். சுமார் பாதிப் பேருக்கு, எதிர்ப்பு அணுக்கள் தூண்டப்படுவதைக் குறைக்கும் அபாடசெப்ட் ஊசி ஒரு வருடம், மற்றவர்களுக்கு மருந்தில்லாத ஊசி. 2024-இல் வெளியான முடிவுப்படி, அந்த ஒரு வருடத்தில் அபாடசெப்ட் போட்டவர்களில் 6 சதவீதம் பேருக்கும் மருந்தில்லாத ஊசி போட்டவர்களில் 29 சதவீதம் பேருக்கும் நோய் வெளிப்பட்டது. ஊசியை நிறுத்தி இன்னொரு வருடம் கழித்துப் பார்த்தால் 25, 37 என்று இடைவெளி சுருங்கிவிட்டது. எனவே இது தடுப்பூசி அல்ல, நோயைத் தள்ளிப்போடும் வழி. தள்ளிப்போட முடிகிறது என்பதே பெரிய விஷயம். அந்த ஊசியை நாம் எல்லோரும் வாங்கப் போவதில்லை. ஆனால் சிகிச்சைக்கு நல்ல காலம் நாம் நினைப்பதை விட முன்னாலேயே இருக்கிறது என்பதை இந்த ஆய்வு காட்டுகிறது. நம் உறுப்பினர்களில் எத்தனை பேர் வலி மாத்திரையிலும் ஸ்டீராய்டு ஊசியிலும் காலத்தை ஓட்டிவிட்டு, விரல் கோணிய பிறகு மூட்டுவாத நிபுணரான ருமட்டாலஜிஸ்டிடம் போனோம்! அரிக்கப்பட்ட எலும்பு பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. மழைக்கால சிக்குன்குனியா வலியும் மாதக்கணக்கில் நீடித்து முடக்குவாதம் போலவே தோன்றும். "காய்ச்சலுக்குப் பின் வரும் வலிதான்" என்று விட்டுவிடாமல் பரிசோதிக்க வேண்டும்.

பெண்களுக்கே ஏன் இவ்வளவு என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேள்வி வருகிறது. தன்னெதிர்ப்பு நோயாளிகளில் ஐந்தில் நால்வர் பெண்கள். பெண்ணின் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்றை அடக்கி வைக்கும் எக்ஸிஸ்ட் என்ற மூலக்கூறும் அதைச் சுற்றிய புரதங்களும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று 2024-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள். நோய் வரக்கூடிய இன ஆண் எலிகளில் அதை உண்டாக்கி, நோயைத் தூண்டும் ரசாயனத்தையும் கொடுத்தபோது, பெண் எலிகள் அளவுக்கு லூபஸ் போன்ற நோய் வந்தது. "வீட்டு வேலைக்குச் சோம்பல்" என்று மருமகளைச் சொல்லும் வீடுகளில் இதை எடுத்துச் சொல்லுங்கள். கல்யாணமான இளம்பெண்களுக்கு இன்னொன்று: முடக்குவாதத்துக்குப் பரவலாகத் தரும் மெத்தோட்ரெக்சேட் மருந்து கருவுக்கு ஆபத்து. குழந்தைக்குத் திட்டமிடும்போதே டாக்டரிடம் சொல்லி மாற்ற வேண்டும். லூபஸுக்கான ஹைட்ராக்ஸிகுளோரோகுயினைக் கர்ப்ப காலத்திலும் பொதுவாகத் தொடர்வார்கள். பயந்து நீங்களே நிறுத்திவிடாதீர்கள்.

வருத்தமான நிகழ்வு ஒன்று. மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு முறை எடுப்பது. நம் உறுப்பினர் ஒருவருக்கு ஒரு மருந்துக் கடையில் தினமும் என்று சொல்லிவிட்டார்கள். வாயெல்லாம் புண், ரத்த அணுக்கள் இறங்கி மருத்துவமனையில் சேர்த்தோம். இப்போது நலம். இதன் பிறகு, சீட்டில் கிழமையை எழுத்தால் எழுதச் சொல்லும் சிறு அட்டையைத் தமிழ், இந்தி, மராத்தியில் அச்சிட்டு எல்லோருக்கும் கொடுத்தோம்.

அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்ற புரதத்தைத் தடுக்கும் ஊசிக்கு முன் காசநோய்ப் பரிசோதனை எதற்கு என்று அலுத்துக்கொள்ள வேண்டாம். உடலுக்குள் தூங்கும் காசநோய்க் கிருமியை இந்த ஊசி எழுப்பிவிடக் கூடும். மும்பையில் அந்தக் கிருமி அரிதல்ல. முடக்குவாதத்துக்கான டோஃபாசிடினிப் மாத்திரை இப்போது மலிவாகக் கிடைப்பதால் சீட்டில்லாமலே வாங்கும் பழக்கம் வளர்கிறது. 50 வயதைக் கடந்த, இதய ஆபத்துள்ள 4,362 பேரிடம் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில், டி.என்.எஃப். எதிர்ப்பு ஊசியை விட இந்த மாத்திரையில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவையும் புற்றுநோயும் கூடுதலாகத் தெரிந்தன. நல்ல மருந்துதான், ஆனால் டாக்டரின் கண்காணிப்பில்தான்.

வரும் ஆண்டுக்கு செயற்குழு ஒரு திட்டத்தைப் பொதுக்குழு முன் வைக்கிறது. நோய் முற்றியவர்கள் நம்மைத் தேடி வரும்வரை காத்திருக்காமல், தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளின் மகளிர் குழுக்களுக்கும் கோயில் கூட்டங்களுக்கும் நாமே போய் மூன்று கேள்விகள் கேட்பது. காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் கை விரல் இறுக்கமா? சில வாரங்களாக வீக்கம் இறங்கவில்லையா? கைகுலுக்கும்போது விரல் கணுக்களில் வலிக்கிறதா? ஆம் என்பவர்களை ருமட்டாலஜிஸ்டிடம் அனுப்பி, முதல் தடவை கூடவே ஒருவர் போக வேண்டும். வலியில்லாத எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை என்று நாம் இறங்கப் போவதில்லை. அந்த ஒரு முடிவை வைத்து நோய் என்று சொல்ல முடியாது, வீண் பயம்தான் மிஞ்சும்.

இதற்கு இந்தி, மராத்தி சரளமாகப் பேசக்கூடிய, வார நாட்களில் நேரம் உள்ள தொண்டர்கள் வேண்டும். கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுக்கலாம். இத்திட்டத்தையும் இவ்வறிக்கையையும் ஏற்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்