பன்னிரண்டால் பெருக்கினால் மட்டும் கணக்கு தீராது

ஆசிரியருக்கு வணக்கம்.

ஓடிடி சந்தா ஒரு குடும்பத்துக்குக் கட்டுப்படியாகுமா என்று அலசிய கட்டுரை, மாதக் கட்டணத்தைப் பன்னிரண்டால் பெருக்கிக் காட்டிவிட்டு, 'ஒரு நேரத்தில் ஒரு தளம் போதும், மாற்றி மாற்றி எடுங்கள்' என்று முடித்திருந்தது. இந்த யோசனை நெட்ஃபிளிக்ஸுக்குப் பொருந்தும். அமேசான் பிரைமுக்குப் பொருந்தாது.

நெட்ஃபிளிக்ஸுக்கு இந்தியாவில் ஆண்டுச் சந்தா இல்லை, மாதாமாதம்தான். அதனால் இடையில் நிறுத்தினாலும் எந்தத் தள்ளுபடியும் கைநழுவாது. 499 ரூபாய் பிளானை முழுப்பரீட்சை லீவுக்கு இரண்டு மாதம், காலாண்டு, அரையாண்டு லீவுகளுக்கு ஒவ்வொரு மாதம் என்று எடுத்தால் 1,996 ரூபாய். வருடம் முழுக்க ஓடவிட்டால் 5,988. நிறுத்திய பிறகும் பார்த்த விவரங்களைச் சில மாதம் வைத்திருப்பார்கள் என்பதால், திரும்பச் சேரும்போது தொடரை விட்ட இடத்தில் பிடித்துக்கொள்ளலாம்.

பிரைமில் மாதம் 299, ஆண்டுக்கு 1,499. ஐந்து மாதம் தனித்தனியாகக் கட்டினாலே 1,495 ஆகிவிடும். ஆறாவது மாதமும் கட்டுகிறவர் ஆண்டுச் சந்தாவே எடுத்திருக்கலாம். ஆனால் 2025 ஜூனிலிருந்து அதில் விளம்பரம் வருகிறது. அது வேண்டாம் என்றால் ஆண்டுக்கு இன்னும் 699. ஆக உண்மையான விலை 2,198. உங்கள் அட்டவணையில் இந்த 699 விடுபட்டிருக்கிறது.

அதைவிடப் பெரிய விடுபடல், எந்தத் திரை என்ற கேள்வி. 'மிகக் குறைந்த கட்டணம் 149' என்று போட்டிருந்தீர்கள். அந்த நெட்ஃபிளிக்ஸ் பிளான் போனுக்கும் டேப்லெட்டுக்கும் மட்டும்தான், அதுவும் 480பி என்ற குறைந்த தெளிவில். டிவியில் வராது. தாத்தா பாட்டியோடு கூடத்தில் உட்கார்ந்து பார்க்கும் வீட்டுக்கு அது கணக்கிலேயே சேராது. 199 ரூபாய் பிளான் டிவியில் ஓடும், தரம் 720பி. 32 அங்குல டிவிக்கு அது தாராளம். சிக்கல், ஒரு நேரத்தில் ஒரு சாதனம் என்பதில்தான். பிள்ளை உள்ளறையில் டேப்லெட்டில் கார்ட்டூன் போட்டால் கூடத்து டிவியில் படம் ஓடாது. 499 பிளானில் 1080பி, இரண்டு திரை. 649 பிளானில் 4கே, நான்கு திரை. வீட்டில் 4கே டிவி இல்லாதவர், நான்கு பேர் தனித்தனியாகப் பார்க்காதவர் 649 கட்ட வேண்டியதில்லை.

நான்கு திரையை அண்ணன் வீடு, தம்பி வீடு என்று பங்கு போடலாம் என்ற கணக்கும் இனி செல்லாது. 2023 ஜூலையிலிருந்து இந்தியாவிலும் ஒரு நெட்ஃபிளிக்ஸ் கணக்கு ஒரு வீட்டுக்குத்தான்.

பிளான் சரியாக இருந்தும் படம் மங்கலாகத் தெரிகிறதா? பெரும்பாலும் டிவியோடு இணைக்கும் பெட்டிதான் காரணம். சான்று பெறாத மலிவு ஆண்ட்ராய்டு பாக்ஸ்களிலும் புரொஜெக்டர்களிலும் வைட்வைன் எல்1, அதாவது ஹெச்டி தரத்தில் படம் காட்டத் தேவையான பாதுகாப்பு நிலை, இருக்காது. அதற்குக் கீழ்நிலையான எல்3 மட்டும் இருந்தால், 649 கட்டினாலும் 480பிதான் வரும். போனில் இதைச் சோதிக்க, நெட்ஃபிளிக்ஸ் ஆப் செட்டிங்ஸில் 'பிளேபேக் ஸ்பெசிபிகேஷன்' பார்க்கலாம். பிராட்பேண்ட் இல்லாமல் ஹாட்ஸ்பாட்டை நம்பும் வீடுகளுக்கு இன்னொரு கணக்கு உண்டு: ஹெச்டி ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை இழுக்கும். தினம் 2 ஜிபி தரும் ரீசார்ஜ் 40 நிமிடத்தில் காலி, இடைவேளை வரைக்கும்கூடத் தாங்காது.

பிராட்பேண்டோடு 'இலவசமாக' வரும் சந்தாவைப் பற்றி இரண்டு வார்த்தை. விளம்பரத்தில் போடும் பிராட்பேண்ட் கட்டணத்தில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்திருக்காது. 999 என்றால் பில் 1,179 வரும். ஏற்கெனவே நெட்ஃபிளிக்ஸ் கணக்கு வைத்திருப்பவர்கள், அந்தப் பழைய கணக்கையே புதிய இணைப்போடு சேர்க்க வேண்டும். புதிதாக ஒன்று தொடங்கினால் பழையதற்கும் பணம் போய்க்கொண்டே இருக்கும்.

வயதானவர்களுக்காக எடுப்பவர்கள், தொடரில் தமிழ் ஒலி இருக்கிறதா, சப்டைட்டில் மட்டுமா என்று முன்னாலேயே பார்த்துவிடுவது நல்லது. பிரைம் வீடியோ தளத்தில் ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் ஒலி மொழிகள் போட்டிருக்கும், அதைப் பார்க்கச் சந்தா தேவையில்லை.

கடைசியாக, நிறுத்தும் முறை. போனிலிருந்து ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது. கணக்குப் பக்கத்தில் 'கேன்சல்' கொடுத்துவிட்டு, ஜிபே, போன்பே போன்றவற்றில் 'ஆட்டோபே' பகுதிக்குப் போய், தானாகப் பணம் எடுக்கும் அனுமதியையும் நீக்க வேண்டும். நெட்ஃபிளிக்ஸில் பணம் கட்டிய அன்றே கேன்சல் கொடுத்தாலும் அந்த மாதம் முடியும்வரை பார்க்கலாம், ஆகவே கடைசி நாள் வரை காத்திருக்க வேண்டாம். 15,000 ரூபாய் வரையிலான தானியங்கிக் கட்டணத்துக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்க மாட்டார்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி 24 மணி நேரம் முன்பு ஒரு தகவல் வரும், அவ்வளவுதான். பார்ப்பது மகள், பணம் போவது அப்பாவின் கணக்கில் என்றால், அந்தத் தகவல் அப்பாவின் போனில் ரீசார்ஜ் விளம்பரங்களுக்கு நடுவே கிடக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி