மூன்று தடவை வாசித்தவளுக்கு

அன்புள்ள மூதூர்க்காரிக்கு,

இன்று மே 12, தாதியர் தினம். வார்ட்டில் கேக் வெட்டினார்கள். 1820இல் நைட்டிங்கேல் பிறந்த நாள் என்று யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு உன் நினைப்புத்தான். நீ போனதும் ஒரு மே மாதம்.

பலர் வாசிக்கும் இடம் இது. எந்த வார்ட், எந்த சிஸ்டர் என்று எழுதமாட்டேன். உனக்குத் தெரியும்.

அந்த இரவு உன் ஒரு கையில் சிரிஞ்சு, மற்றக் கையில் பொட்டாசியம் குளோரைட் மருந்துள்ள சின்னக் குப்பி, அம்பியூல். லேபிளை மூன்றாம் தடவை வாசித்துக்கொண்டிருந்தாய். எடுக்கும்போது, இழுக்கும்போது, எறியுமுன் என்று வகுப்பில் சொல்லித்தந்ததே அதுதானே. "விடிஞ்சிடும், தள்ளி நில்" என்று நோயாளிகளுக்கு முன்னால் சிஸ்டரின் சத்தம் வந்தது. உன் கை நடுங்கியது. நான் சிரிஞ்சை வாங்கி, சேலைன் போத்தலுக்குள் விட்டு, கொழுவிவிட்டேன். என்னைக் கெட்டிக்காரி என்றார்கள்.

போத்தலைக் கவிழ்த்து நன்றாகக் கலக்கினேனா என்று இன்றுவரை ஞாபகம் வரவில்லை. கலக்காவிட்டால் மருந்து அடியில் தேங்கி, செறிவாகவே நாளத்துக்குள் இறங்கும், இதயம் நின்றுவிடலாம். அந்த ஐயாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவசரப்பட்டவள் நான், ஏச்சு வாங்கியவள் நீ.

மன்னித்துக்கொள். ஆனால் நான் என்ன செய்திருப்பேன், சொல்? வார்ட் நிறைய ஆட்கள், நாம் இரண்டு மாணவிகள். இரவு டியூட்டி முடிய முகம் கழுவி நேரே விரிவுரைக்கு ஓட வேண்டும். நான் வாய் திறந்திருந்தால் அடுத்த ஏச்சு எனக்குத்தான். இதை எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

வகுப்புக்கு முன் அரை மணித்தியாலம் திருகோணமலை டச்பே கடற்கரையில் இருந்தோமே. கோட்டைப் பக்கத்து மான் ஒன்று வந்து உன் பாணை மோந்தது. நீ சிரித்தாய். சரி, தேறிவிட்டாள் என்று நினைத்தேன்.

இரண்டு கிழமை கழித்து எழும்பிப் பார்த்தால் உன் கட்டிலில் விரிப்பு மடித்துக் கிடந்தது. எனக்கு ஒரு வார்த்தை சொன்னாயா? மூன்று வருடப் பயிற்சியில் மிச்ச ஒன்றரை வருடத்தை அந்த வெறுங்கட்டிலுக்குப் பக்கத்தில்தான் படுத்து முடித்தேன். நீ பயந்து ஓடினாய் என்று ஹொஸ்டலில் கதைத்தபோது நான் மறுத்துப் பேசவில்லை. அவ்வளவு கோபம்.

நாளை முதலாம் வருடப் பிள்ளைகள் என் வார்ட்டுக்கு வருகிறார்கள். மருந்து எடுக்கும் பிள்ளையை யாரும் அவசரப்படுத்தக் கூடாது என்று மேட்ரனிடம் இன்று சொல்லிவிட்டேன். குரல் நடுங்கியது, ஆனாலும் சொன்னேன்.

சீருடையில் குத்தும் உன் மணிக்கூடு என் பெட்டிக்குள்தான் இருக்கிறது. பற்றரி மாற்றியிருக்கிறேன். ஞாயிறு எனக்கு ஓஃப். கிண்ணியாப் பாலத்தால் வரும் பஸ்ஸில் ஏறட்டுமா?