நேரத்தை இரண்டு முறை கூட்டாதீர்கள்: இணைப்பு நிரல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

இணையதள மென்பொருள்களை ஒன்றோடொன்று இணைக்கும் நிரல்களை எழுதுகிற நண்பர்களுக்கு, வணக்கம்.

கட்டுரைகளுக்கு ஒரு மென்பொருள், நிகழ்ச்சி நாட்காட்டிக்கு இன்னொன்று, முன்பதிவுக்கு வேறொன்று என்று வைத்திருக்கிற தளங்களை ஒரே உள்நுழைவில் சேர்த்துத் தருகிறது உங்கள் வேலை. தளம் நடத்துகிற எங்களுக்கு அது பெரிய உதவி. அந்த நிரல்களின் செட்டிங்ஸ் பக்கத்தில் அடிக்கடி தென்படும் ஒரு சின்னக் கட்டத்தைப் பற்றித்தான் இந்த மடல். நேர வேறுபாடு எத்தனை மணி என்று கேட்டு, ஓர் எண்ணை இடச் சொல்லும் கட்டம் அது. தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள்.

அந்தக் கட்டம் எப்படி வந்திருக்கும் என்பது புரிகிறது. நாட்காட்டியில் நேரம் தப்பாகத் தெரிகிறது என்று யாராவது புகார் சொல்வார்கள். எவ்வளவு தள்ளிப்போகிறதோ அதற்கு எதிரான எண்ணை இட்டால் திரையில் சரியாகிவிடும், புகாரும் அடங்கிவிடும். ஆனால் அது காய்ச்சல் இறங்கத் தெர்மாமீட்டரைத் திருத்துகிற வேலை. உள்ளே எங்கோ ஓர் இடத்தில் நேரம் தப்பாக மாற்றப்படுவது அப்படியேதான் இருக்கிறது.

எங்கே என்று தேடப் போனால் இடங்கள் நிறைய. சர்வரின் இயங்குதளத்துக்கு ஒரு நேர மண்டலம் உண்டு. தரவுத்தள இணைப்புக்கு ஒன்று, பிஹெச்பி போன்ற நிரல் மொழிக்கு ஒன்று, ஒவ்வொரு மென்பொருளின் பொது அமைப்பிலும் ஒன்று, பயனரின் சுயவிவரத்தில் ஒன்று, கடைசியில் அவருடைய பிரௌசரிலும் ஒன்று. இவற்றில் எந்த இரண்டும் ஒரே மாற்றத்தைச் செய்துவிடலாம், அல்லது அடுத்தவர் செய்வார் என்று இரண்டுமே விட்டுவிடலாம்.

பிழையின் அளவைப் பார்த்தாலே காரணத்தை ஓரளவு சொல்லிவிட முடியும். உலகப் பொது நேரமான யூடிசியைவிட 5:30 மணி முன்னே உள்ள இந்திய நேரத்தை எடுத்துக்கொள்வோம். திரையில் ஐந்தரை மணி நேரம் பின்தங்கினால், யூடிசியில் சேமித்ததை யாருமே மாற்றவில்லை. ஐந்தரை மணி நேரம் முந்தினால், இரண்டு பேர் மாற்றியிருக்கிறார்கள். பதினொரு மணி நேரம் பின்தங்கினால், கூட்ட வேண்டியதை யாரோ கழித்திருக்கிறார்கள். அரை மணி மட்டும் குறைந்தால், 5.5 என்ற எண் முழு எண்ணாக வெட்டப்பட்டு 5 ஆகியிருக்கிறது. நீங்கள் தருகிற கட்டம் இந்த நான்கையும் ஒரே மாதிரி மூடி மறைத்துவிடுகிறது. அதுதான் எனக்குப் பெரிய குறை.

கூட்டல் கழித்தல் குழப்பத்துக்குக் காரணமும் உண்டு. இந்தியாவில் உள்ள பிரௌசரிடம் ஜாவாஸ்கிரிப்ட் வழியாக நேர வேறுபாட்டைக் கேட்டால் −330 என்று நிமிடங்களில் சொல்லும். பிஹெச்பியிடம் கேட்டால் 19800 என்று நொடிகளில் வரும். தளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளின் அமைப்பில் அதே விஷயம் 5.5 என்று மணியில் இருக்கலாம். நேர மண்டலத் தரவுத்தொகுப்பில் ‘ஈடிசி/ஜிஎம்டி+5’ என்ற பெயர் யூடிசியைவிட ஐந்து மணி நேரம் பின்னே உள்ளதைக் குறிக்கிறது, முன்னே அல்ல. இரண்டு மென்பொருள்களுக்கு நடுவே வெறும் எண்ணைக் கடத்தினால், அலகும் குறியும் என்ன என்பது ஊகமாகிவிடுகிறது.

இன்னொன்று இணைப்பு நிரலுக்கே உரிய சிக்கல். பிஹெச்பியில் இயல்பு நேர மண்டலத்தை ஒருமுறை மாற்றினால், அந்தப் பக்கத்தைத் தயாரிக்கும் கோரிக்கை முடியும்வரை எல்லா நிரலுக்கும் அதுவே. உங்கள் நிரல் ஒரு மென்பொருளுக்குள் இன்னொன்றை ஏற்றுகிறது. உள்ளே வந்தது தன் மண்டலத்தை அமைத்துவிட்டுப் போகிறது. அதன் பிறகு முதல் மென்பொருள் அச்சிடும் தேதிகள் எல்லாம் நகர்ந்துவிடுகின்றன. விளைவு என்னவென்றால், நாட்காட்டிப் பெட்டி இருக்கும் பக்கத்தில் மட்டும் கட்டுரைகளின் நேரம் தப்பு, மற்ற பக்கங்களில் சரி. அப்புறம் பக்கங்களை முன்கூட்டிச் சேமித்துவைத்துக் காட்டும் கேச் வேறு சேர்ந்துகொண்டால், பிழை வந்து வந்து போகும். தளம் நடத்துபவர் தலையைப் பிய்த்துக்கொள்வார். இயல்பு மண்டலத்தைத் தொடாமல், தேவைப்படும் ஒவ்வொரு இடத்திலும் மண்டலத்தை வெளிப்படையாகக் கொடுங்கள். தொட்டே ஆக வேண்டுமென்றால், வேலை முடிந்ததும் பழையபடி வைத்துவிடுங்கள்.

தரவுத்தளத்திலும் இதே கதை. மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் ‘டைம்ஸ்டாம்ப்’ வகை, தரவுத்தள இணைப்பின் மண்டலத்திலிருந்து யூடிசிக்கு மாற்றிச் சேமிக்கும், படிக்கும்போது திருப்பி மாற்றும். ‘டேட்டைம்’ வகை கொடுத்ததை அப்படியே வைத்திருக்கும். இரண்டு மென்பொருள்கள் ஒரே இணைப்பைப் பகிரும்போது ஒன்று அதன் மண்டலத்தை மாற்றினால், ஒரே வரிசையில் இருக்கும் இரண்டு நேரங்களில் ஒன்று நகரும், மற்றது நகராது. ஊர்ப் பெயர் கொண்ட மண்டலங்களுக்கான அட்டவணைகள் சர்வரில் ஏற்றப்படாவிட்டால், அந்தப் பெயர்களை வைத்து மாற்றச் சொல்லும்போது வெற்று மதிப்பு வரும், பிழைச் செய்தி வராது. தரவுத்தளத்தை யூடிசியில் விட்டுவிட்டு, பயனருக்குக் காட்டும் கடைசிப் படியில் மட்டும் மாற்றுங்கள்.

சரி, கட்டத்தை எடுத்துவிட்டு என்ன வைப்பது? ‘ஏசியா/கொல்கத்தா’, ‘அமெரிக்கா/நியூயார்க்’ என்பதுபோன்ற மண்டலப் பெயரை வையுங்கள். அந்தப் பெயர்கள் கொண்ட தொகுப்பை இணையப் பெயர்களையும் எண்களையும் நிர்வகிக்கும் ஐயானா அமைப்பு 2011 முதல் வெளியிட்டு வருகிறது. ஒரு பெயருக்குப் பின்னால் அந்த இடத்தின் நேர வரலாறே இருக்கிறது, எண்ணில் அது கிடையாது. நியூயார்க் குளிர்காலத்தில் யூடிசிக்கு ஐந்து மணி நேரம் பின்னே; கோடை நேரம் என்று கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவைப்பதால் கோடையில் நான்கு. இலங்கை 1996இல் இரண்டு முறை நேரத்தை மாற்றியது, 2006 ஏப்ரலில்தான் 5:30க்குத் திரும்பியது. அங்கே 2003இல் எழுதிய ஒரு கட்டுரையை இன்றைய 5:30 கொண்டு காட்டினால் அரை மணி தப்பு. சமோவாவில் 2011 டிசம்பர் 30 என்ற நாளே இல்லை. இவற்றை யாரும் நினைவில் வைத்திருக்க வேண்டாம், தொகுப்பு வைத்திருக்கிறது. உங்கள் நிரல் அதைக் கேட்டால் போதும்.

வரப்போகும் நிகழ்ச்சிகளுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு சொல்வேன். நடந்து முடிந்ததை யூடிசியில் வையுங்கள். நடக்கப்போவதை அந்த இடத்துக் கடிகார நேரமாகவும், கூடவே மண்டலப் பெயராகவும் வையுங்கள். அரசுகள் விதியை மாற்றும், சில வேளை மிகக் குறைந்த அவகாசத்தில். லெபனானில் 2023 மார்ச்சில் கோடை நேரத்தைத் தள்ளிவைப்பதாக அறிவித்து, சில நாட்களில் அதையும் திரும்பப் பெற்றார்கள். முன்கூட்டியே யூடிசிக்கு மாற்றிவைத்த காலை பத்து மணிக் கூட்டம் இப்படிப்பட்ட நேரத்தில் ஒன்பதாகவோ பதினொன்றாகவோ ஆகிவிடும். யூடிசி வேறுபாட்டோடு மண்டலப் பெயரையும் ஒரே வரியில் எழுத 2024இல் வந்த ஆர்எஃப்சி 9557 என்ற இணையத் தர ஆவணம் வழி தருகிறது. மென்பொருள்களுக்கு இடையே நேரத்தை அனுப்ப அதைப் பயன்படுத்தலாம்.

இதெல்லாம் நுணுக்க விவகாரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். விண்ணப்பம் மூடும் நேரத்தைப் பார்த்து நம்பியவருக்கு அது ஒரு வாய்ப்பு. அரை மணி முன்பே மூடிவிட்டால் அவர் யாரிடம் போய் நிரூபிப்பார்? பதிவேட்டைத் திறந்து பார்த்தால் அங்கேயும் அதே தப்பான நேரம்தான் இருக்கும்.

சோதிக்கும்போது முழு மணி மண்டலங்களோடு நிறுத்திவிடாதீர்கள். நேபாளம் 5:45, கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து −3:30, நியூசிலாந்தின் சாதம் தீவுகள் 12:45, கோடையில் 13:45. இந்த மூன்றிலும் தேறிய நிரல் பெரும்பாலும் எங்கும் தேறும். வேர்ட்பிரஸ் 2019இல் வந்த 5.3 பதிப்பில், வேறுபாட்டை ஏற்கெனவே கூட்டி வைத்த போலி டைம்ஸ்டாம்ப்பை (யூடிசி நேர எண்போலத் தோன்றும் மதிப்பை) தவிர்க்கும்படி நிரலாளர்களிடம் சொல்லி, மண்டலம் அறிந்த புதிய செயற்கூறுகளையும் தந்தது. பழைய நிரல்களை உடைக்காமலே அதைச் செய்தார்கள். உங்களாலும் முடியும்.

கட்டத்தை நீக்கும் பதிப்பை வெளியிடும்போது பழைய தரவை மறந்துவிடாதீர்கள். அந்த எண்ணை நம்பி எழுதப்பட்ட நேரங்கள் தரவுத்தளத்தில் கிடக்கும். எல்லாவற்றையும் கண்மூடித்தனமாக ஒரே அளவுக்கு நகர்த்தினால், சரியாக இருந்தவையும் கெட்டுவிடும். எந்த வரிசை எண்வரை பழைய முறை என்று தளம் நடத்துபவர் குறிப்பிட வழி கொடுங்கள். மாற்றப்போவதை முதலில் காட்டிவிட்டு, அவர் சம்மதித்த பின் மாற்றுங்கள். கோடை நேரம் முடியும் இரவில் ஒரு மணி நேரம் இரண்டு முறை வரும். அந்த நேரத்தில் எழுதப்பட்ட வரிசைகளைத் தனியே பிரித்து அவர் பார்வைக்கு வையுங்கள். பழைய மதிப்பையும் அட்டவணையில் ஒரு தனி நெடுவரிசையில் விட்டு வையுங்கள், குறைந்தது அடுத்த பதிப்பு வரும்வரையாவது.

அன்புடன்,
உங்கள் நிரல்களை நம்பித் தளங்களைப் பராமரிக்கும் ஒருவர்