ரமணாவுக்குத் தூக்கு, மகாராஜாவுக்கு?

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

'மகாராஜா' படத்தைத் தாமதமாகப் பார்த்துவிட்டு நீ எழுதிய நான்கு பக்கங்களையும் படித்தேன். வில்லன் அனுராக் காஷ்யப்பைவிட என்னைத்தான் அதிகம் திட்டியிருக்கிறாய். வக்கீல் கோட்டைக் கழற்றாமல் படம் பார்க்கிறவன் என்று நீ சொல்வது இன்று நேற்றா? பரவாயில்லை, திட்டு. உன்னைவிட்டால் என்னை யார் திட்டுவார்கள்?

முதலில் வீட்டுச் சேதி. உன் தங்கைக்குக் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. சுவரில் இருக்கிற ஒட்டடையெல்லாம் இப்போது அவள் கண்ணில் படுவதால் எனக்குத்தான் வேலை கூடிவிட்டது. பேத்தி சட்டக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. கிரிமினல் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டாளாம், கம்பெனிச் சட்டம்தானாம். தாத்தா நாற்பது வருடம் வாய்தா வாங்கியதைப் பார்த்து வந்த ஞானம்.

இனி உன் வழக்குக்கு வருகிறேன். படம் எனக்குப் பிடிக்கவில்லை என்று நான் எங்கே சொன்னேன்? இயக்குநர் நித்திலன் சாமிநாதன் கெட்டிக்காரர். வெவ்வேறு காலத்தில் நடந்த இரண்டு கதைகளை ஒரே காலத்தில் நடப்பதுபோல் கோத்து, கடைசிவரை நம்மை ஏமாற்றியிருக்கிறார். விஜய் சேதுபதிக்கு அது ஐம்பதாவது படம். ஐம்பதாவது படத்தில் ஒரு நட்சத்திரம் முடிதிருத்துபவராக வந்து, போலீஸ்காரர்களிடம் அறை வாங்கிக்கொண்டு நிற்பது சாதாரண விஷயமில்லை.

அந்தக் காவல் நிலையக் காட்சிகளைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். காதில் கட்டுடன் ஒரு மனிதர் வருகிறார். வீட்டிலிருந்த லட்சுமியைக் காணவில்லை என்கிறார். லட்சுமி யார் என்றால் இரும்புக் குப்பைத் தொட்டி. சிரிக்கிறார்கள், அடிக்கிறார்கள், வெளியே தள்ளுகிறார்கள். அவர் போவதில்லை. லட்சக்கணக்கில் பணம் தருகிறேன் என்றதும் அதே நிலையம் சுறுசுறுப்பாகிவிடுகிறது. தொட்டி கிடைக்காதபோது அதேபோல் ஒன்றைச் செய்துவிடலாம் என்று கிளம்புகிறார்கள் பார், அந்த இடத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தேன். பொய்ச் சொத்தைக் 'கைப்பற்றி'க் கணக்குக் காட்டுவது எங்கள் தொழிலில் எல்லோரும் கேள்விப்பட்ட கதைதான்.

நீ கேட்கிறாய்: மகளுக்கு நேர்ந்ததை அந்த அப்பா ஏன் நேராகச் சொல்லவில்லை, சட்டம்தான் இருக்கிறதே என்று. இருக்கிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க வந்த 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தில் 24ஆம் பிரிவை எடுத்துப் பார். குழந்தை இருக்கும் இடத்துக்கே போய் வாக்குமூலம் வாங்க வேண்டும், கூடியவரை பெண் அதிகாரி, அதுவும் சார்பு ஆய்வாளருக்குக் குறையாதவர், சீருடை கூடாது, இரவில் குழந்தையை நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. எழுதியவர்கள் யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் குப்பைத் தொட்டிக்கே இந்த வரவேற்பு என்றால், மகளின் பெயரை அங்கே எந்த அப்பன் உச்சரிப்பான்? படம் அதை வசனமாகச் சொல்லாமல் காட்சியாலேயே சொல்லிவிடுகிறது. அதுதான் அதன் பலம்.

போன வாரம் ஓர் அம்மா வந்திருந்தார். பிளாஸ்டிக் பையில் சுற்றிய சி.எஸ்.ஆர்., அதாவது போலீஸில் புகார் கொடுத்ததற்கான ரசீது ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். மடித்து மடித்து, மடிப்பில் கிழிந்து, நான்கு துண்டாகப் பிரியும் நிலையில் இருந்தது. பின்னால் செல்லோ டேப் ஒட்டியிருந்தார். எஃப்.ஐ.ஆர். போடவில்லை, 'விசாரிக்கிறோம்' என்று சொல்லியே காலத்தைக் கடத்துகிறார்கள். வாரண்ட் இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர். பதிந்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் சொன்னது 2013இல். நிலையத்தில் மறுத்தால் எஸ்.பி.க்கு எழுதலாம், அங்கும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அதை முன்பு 156(3) என்போம். புதுச் சட்டத்தில் 175(3) ஆகிவிட்டது. பழைய எண்ணை மறக்க முடியாமல் நாங்கள் இன்னும் இரண்டையும் சேர்த்தே சொல்கிறோம். அந்த அம்மாவுக்கும் மனுத் தயார் செய்துவிட்டேன். இத்தனை பழிவாங்கும் படங்கள் வந்திருக்கின்றனவே, ஒன்றிலாவது நாயகன் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போட்டிருக்கிறானா? போட்டால் இடைவேளை வரை வாய்தாதான் காட்ட வேண்டியிருக்கும் என்று நீ சொல்வாய். தெரியும்.

ஆனால் கத்தியை எடுக்கிறவன் சட்டம் இல்லை என்று எடுப்பதில்லை. சட்டம் நீளமாக இருக்கிறது என்றுதான் எடுக்கிறான். நாம் கல்லூரியில் படித்தபோது பார்த்த 'நான் சிகப்பு மனிதன்' நினைவிருக்கிறதா? 1985. ரஜினி பேராசிரியர், குடும்பத்துக்கு நேர்ந்த கொடுமைக்குப் பிறகு இரவில் துப்பாக்கியுடன் கிளம்புவார். அன்றைக்கு நீதான் தியேட்டரில் என்னைவிட அதிகமாகக் கத்தினாய்.

அதற்குப் பிறகு வந்தவர்கள் நாட்டுக்காகக் கத்தி எடுத்தார்கள். 'இந்தியன்' சேனாபதி லஞ்சத்துக்கு எதிராக வர்மத்தைப் பயன்படுத்தினார். பெற்ற மகனையும் விடவில்லை. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழன் சிலையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்குச் சேனாபதி நினைவு வரும். 2002இல் 'ரமணா'. பதினைந்து தாசில்தார்களைக் கடத்தி, அதில் ஒருவரை மட்டும் கொல்லும் தொடக்கம். செத்த உடலுக்கு வைத்தியம் பார்த்துப் பணம் கறக்கும் மருத்துவமனைக் காட்சியை இன்றைக்கும் ஊரில் பேசுகிறார்கள்.

அந்தப் படத்தில் நான் மதிப்பது வேறொன்றை. முருகதாஸ் ரமணாவைத் தூக்கில் போட்டார். விஜயகாந்தைத் தூக்கில் போடுவது என்றால் 2002இல் விளையாட்டா? அதே கதையைத் தெலுங்கில் சிரஞ்சீவியை வைத்து எடுத்தபோது தூக்கை எடுத்துவிட்டுச் சில வருடச் சிறையோடு முடித்துக்கொண்டார்கள். ரமணா தான் செய்தது கொலைதான் என்பதை மறுக்கவில்லை, அதற்கு உரியதை வாங்கிக்கொண்டு போகிறார். பார்த்தவர்கள் அழுதார்கள், ஆனால் கணக்கு நேராக இருந்தது.

இப்போது யார் நாட்டுக்காகக் கத்தி எடுக்கிறார்கள்? எல்லோரும் மகளுக்காகத்தான். மிஷ்கின் 2011இலேயே 'யுத்தம் செய்' எடுத்தார். அட்டைப்பெட்டியில் வெட்டிய கைகள், அதைத் துப்பறியப் போனால் மகளை இழந்த ஒரு குடும்பம். அதில் அந்தத் தாயைப் பார்க்கும்போது எனக்குக் கோபத்தைவிட அச்சம்தான் வந்தது. 2023இல் வந்த 'சித்தா'வைப் பார்க்கவில்லை என்றால் இன்றே பார். அந்தச் சிறுமிக்கு வேண்டியது பழியா, பக்கத்தில் உட்கார ஒரு ஆளா என்று அந்தப் படம் கேட்கிறது. இந்த வரிசையில் அப்படிக் கேட்கிற துணிச்சல் குறைவு.

சரி, 'மகாராஜா'வில் எனக்கு என்னதான் உறுத்துகிறது என்கிறாய். அந்த அப்பா கொன்றது அல்ல. அவர் நிலையில் நான் இருந்தால் என்ன செய்வேன் என்று எனக்குச் சத்தியம் செய்யத் தெரியாது. உறுத்துவது நட்டி நடித்த ஆய்வாளர். உண்மையைக் கண்டுபிடித்த பிறகு, குற்றவாளிகளில் மூன்றாமவனைத் தந்திரமாக மகாராஜாவின் வீட்டுக்கே அனுப்பிவைக்கிறாரே, அங்கே. லஞ்சத்துக்குப் பேரம் பேசிய நிலையம் ஒரு ஆளைச் சாவுக்குக் கொடுத்ததும் புனிதமாகிவிடுகிறது. என் பக்கத்தில் இருந்தவர் எழுந்து நின்று கைதட்டினார். ரமணாவும் சேனாபதியும் அரசுக்கு எதிரில் நின்றார்கள். இங்கே அரசே எடுபிடி வேலை பார்த்துக் கொடுக்கிறது. தட்டிக்கேட்பவன் என்ற பாத்திரத்துக்கே அங்கே பொருள் போய்விடுகிறது, மாப்பிள்ளை. யாரைத் தட்டிக்கேட்பது?

நான் மதுரையில் தொழில் செய்கிறவன் என்பதை மறந்துவிடாதே. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தகப்பனையும் மகனையும் அழைத்துப் போய் அடித்ததில் இருவருமே இறந்துபோனார்களே, அதுவும் ஒரு நிலையம்தான். உயர் நீதிமன்றக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட்டிடமே அங்கே மரியாதைக் குறைவாக நடந்துகொண்டார்கள். அன்றிரவு நடந்ததை அவரிடம் சொன்னவர் அதே நிலையத்தில் பணியிலிருந்த ஒரு பெண் தலைமைக் காவலர். உடன் வேலை செய்பவர்கள் வெளியே சூழ்ந்து நிற்க, உள்ளே உட்கார்ந்து வாக்குமூலம் கொடுத்தார். சீருடையில் இருக்கிற ஒருவரின் வீரம் என்றால் எனக்கு அதுதான். யார் சாக வேண்டும் என்று நிலையத்தில் உட்கார்ந்து தீர்மானிப்பவர் ஒரு நாள் சரியான ஆளை அனுப்புவார். அடுத்த நாள்? கோயம்புத்தூர் ஆட்டோ ஓட்டுநர் சந்திரகுமார் எழுதிய 'லாக்கப்' அந்த அடுத்த நாளைத்தான் சொல்கிறது. வெற்றிமாறன் அதை 'விசாரணை' ஆக்கினார். 2024இல் 'வேட்டையன்' வந்தபோது, என்கவுன்டரில் தவறான ஆளைச் சுட்டுவிட்ட அதிகாரியாக ரஜினியே நடித்தார். 1985இல் நாம் விசிலடித்த அதே ரஜினி.

நீ தமிழ் வாத்தியார், உனக்கு ஒரு தீனி. இளங்கோவடிகள் சிலப்பதிகாரப் பதிகத்தில் சொன்ன மூன்று உண்மைகளில் முதலாவது, அரசியல் பிழைத்தோர்க்கு அறம் கூற்றாகும் என்பது, 'இந்தியன்', 'ரமணா' காலத்துக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. 'மகாராஜா' மூன்றாவதான ஊழ்வினைக்குப் போய்விட்டது. பெரிய குற்றவாளி நாயகன் கையால் சாகவில்லை; தான் சீரழித்தது தன் சொந்த மகளைத்தான் என்று தெரிந்ததும் தானே விழுகிறான். எனக்கு இது கொஞ்சம் அதிகப்படி. அந்தத் தற்செயல் இல்லாவிட்டால் அவன் குற்றம் குறைந்துவிடுமா? வேறொருவர் மகளாக இருந்தால் அவன் நிம்மதியாகத் தூங்கியிருப்பான் என்றுதானே அர்த்தம் வருகிறது? இதற்கு நீ பதில் எழுத வேண்டும். சிலம்பிலிருந்து மேற்கோள் காட்டித் தப்பிக்கக் கூடாது.

படத்தை நான் மன்னிப்பது அதற்குச் சற்று முன்னால் வரும் இடத்துக்காக. அந்தப் பெண் ஜோதி, அவனை நானே பார்க்க வேண்டும் என்று கேட்டுப் போகிறாள். எதிரில் நின்று பேசுகிறாள். நடுக்கம் இருக்கிறது, ஆனால் தலை குனியவில்லை. அதுவரை எல்லோரும் அவளுக்காக ஓடிக்கொண்டிருந்தார்கள், அவளை யாரும் ஒரு வார்த்தை பேசவிடவில்லை. நீதிமன்றத்தில் கூண்டேறும் பெண்களிடம் நான் அந்த முகத்தைப் பார்த்திருக்கிறேன். பேத்தியிடம் இந்தக் காட்சியைப் போட்டுக் காட்டி, இதற்காகவாவது கிரிமினல் பக்கம் வா என்று கேட்டேன். யோசிக்கிறேன் என்றிருக்கிறாள்.

மாசி வீதி வீட்டு வாடகைப் பிரச்சினை பற்றிக் கேட்டிருந்தாய். பத்திரத்தின் நகலை அனுப்பு, பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அதற்குள் வாடகைக்காரரிடம் நீயாகப் போய்ச் சத்தம் போடாதே. சித்திரைத் திருவிழாவுக்குக் கண்டிப்பாகக் குடும்பத்தோடு வா. மாடி அறையைத் துடைத்து வைக்கச் சொல்லிவிட்டேன். 'வேட்டையன்' இருவரும் சேர்ந்து பார்க்கலாம்.

உன் பழைய அறைத்தோழன்,
மதுரை