‘தேவையான அளவு தண்ணீர்’ என்றால் எத்தனை லிட்டர்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு இணைப்பில், வீட்டுக்குக் கான்கிரீட் கூரைத் தளம் போடுவது பற்றிய கட்டுரையில், “கலவை நன்றாக இளகும்வரை தேவையான அளவு தண்ணீர் சேர்த்துக்கொள்ளலாம்” என்று அச்சிட்டிருந்தீர்கள். கட்டடப் பணி மேற்பார்வையாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்த வரிக்குப் பிறகு வேறு எதையும் படிக்க மனம் வரவில்லை.

எங்கள் தெருவில் வீடு கட்டும் தம்பி ஒருவரிடம், சிமென்ட் மூட்டைக்கு இருபத்திரண்டரை லிட்டர் தண்ணீரைத் தாண்ட விடாதீர்கள் என்று சொல்லி வைத்திருந்தேன். அவர் உங்கள் பக்கத்தை மடித்து எடுத்துக்கொண்டு வந்து, “சார், பேப்பர்லயே இப்படிப் போட்டிருக்காங்களே” என்கிறார். அச்சில் வந்ததற்கு முன்னால் என் பேச்சு எடுபடவில்லை.

தாங்கள் அறியாததல்ல. சிமென்ட் வினைபுரிந்து இறுக, அதன் எடையில் ஏறத்தாழ கால் பங்குத் தண்ணீர்தான் செலவாகிறது. அதற்கு மேல் விடுவதில் பெரும்பகுதி, கலவை கம்பிகளுக்கு இடையே இறங்குவதற்காக. அந்த உபரி வற்றிப்போன இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளைகள். தண்ணீர் கூடக்கூட வலிமை குறையும் என்பதை அமெரிக்காவில் டஃப் ஏப்ராம்ஸ் என்ற கான்கிரீட் ஆய்வாளர் 1918-லேயே நிறுவிவிட்டார். கான்கிரீட்டுக்கான நம் இந்தியத் தர விதி ஐ.எஸ். 456, கம்பி கட்டிய கான்கிரீட்டுக்குத் தண்ணீர் சிமென்ட் எடையில் மிதமான சூழலில் 0.50, கடலோரக் காற்றுபடும் இடத்தில் 0.45-ஐத் தாண்டக் கூடாது என்கிறது. 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர், இங்கே கடலோரத்தில் இருபத்திரண்டரை. மழையில் நனைந்த மணலென்றால் மூட்டைக்கு நான்கைந்து லிட்டர் மணலிலேயே வந்துவிடும். அதையும் கழிக்க வேண்டும்.

என் தங்கை வீட்டுக்குத் தளம் போட்ட அன்று சித்திரை வெயில். கலவை இறுகுகிறது என்று மேஸ்திரி குழாயைத் திறந்துவிட்டார். தடுத்தேன். “லூசா இருந்தாத்தான் சார் கம்பிக்குள்ள இறங்கும்” என்றார். சென்ட்ரிங் பலகை இடுக்கெல்லாம் சிமென்ட் பால் ஒழுகித் தரை வெளுத்துப்போனது. பத்து வருடம்கூடத் தாங்கவில்லை. உப்புக்காற்று உள்ளே புகுந்து, கம்பி துருவேறிப் பருத்து, அடுக்களைத் தளம் பாளம் பாளமாக விழுந்தது. அந்த நேரம் தங்கை கொல்லைப்புறம் போயிருந்ததால் பிழைத்தாள். கலவை இறங்கவில்லையென்றால் அதை அதிரவைத்து இறக்கும் வைப்ரேட்டர் போட வேண்டும், தண்ணீர் கூட்டாமலே இளக்கும் பிளாஸ்டிசைசர் மருந்து கலக்கலாம். தண்ணீரைக் கூட்டித்தான் ஆக வேண்டுமென்றால் சிமென்ட்டையும் அதே விகிதத்தில் கூட்ட வேண்டும். குழாயைத் திறப்பது செலவில்லாத வழி, அதனால்தான் எல்லோரும் அதைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

முன்பொரு முறை “மூன்று நாள் நீராற்றினால் போதும்”, அதாவது போட்ட கான்கிரீட்டை மூன்று நாள் ஈரமாக வைத்தால் போதும் என்று தங்கள் இதழில் வந்தது. இப்போது வீடுகளுக்குப் பெரும்பாலும் வாங்கும் பி.பி.சி. (சாம்பல் கலந்த) சிமென்ட்டுக்குக் குறைந்தது 10 நாள் வேண்டும் என்று அப்போதே எழுதினேன். என் கடிதம் வெளியாகவில்லை, பதிலும் இல்லை. எங்காவது கட்டடம் இடிந்தால், சோதனை முடிவு வருமுன்பே “தரமற்ற சிமென்ட்” என்று தலைப்பிடுகிறீர்கள். நல்ல சிமென்ட்டையும் தண்ணீரை ஊற்றிக் கெடுக்கலாம் என்று ஒருநாளும் எழுதியதில்லை. சிமென்ட் விளம்பரத்துக்கு முழுப் பக்கம் கிடைக்கிறது. வாசற்படி எந்தத் திசை பார்க்க வேண்டும் என்பதற்கு வாரந்தோறும் அரைப் பக்கம். கடன் வாங்கி வீடு கட்டுகிறவன் இந்த இணைப்பை நம்பித்தான் படிக்கிறான், ஐயா.

அடுத்த ஞாயிறு இணைப்பிலேயே, அதே பக்கத்தில், மூட்டைக்கு எத்தனை லிட்டர் என்று நான்கு வரித் திருத்தம் வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன். அந்தத் தம்பி வீட்டுக்கு அதற்கு மறுவாரம் தளம் போடுகிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பணி மேற்பார்வையாளர்,
நாகப்பட்டினம்.